நுனிமுடியின் வயது

தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. ஆண்டுக்கு 12 முதல் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் பார்த்தால், 45 சென்டிமீட்டர் நீளமுள்ள முடியின் நுனி வேரைவிட்டு வெளியே வந்து மூன்று ஆண்டுகளாவது ஆகியிருக்கும். வேரை ஒட்டியுள்ள பகுதியோ சென்ற சில வாரங்களில் முளைத்தது. ஒரே இழையின் இரு முனைகளுக்கும் இவ்வளவு வயது வித்தியாசம் இருக்க, ஷாம்பூ, எண்ணெய், ஸ்ட்ரெய்ட்னர் எல்லாவற்றையும் அதன் முழு நீளத்துக்கும் ஒரே மாதிரியாகப் பயன்படுத்துகிறோம். சூட்டினால் கெட்ட முடியைப் பற்றியும் சிலும்பி நிற்கும் முடியைப் பற்றியும் நான் படித்தும் பழகியும் அறிந்தவற்றுள் மிக முக்கியமானது இந்த வயதுக் கணக்குதான் என்று நம்புகிறேன்.

எனக்கு இயல்பிலேயே அலையலையான முடி. சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அழகு நிலையத்தில், தலையை அலசிய பிறகு முழுவதும் உலர விடாமலேயே ஸ்ட்ரெய்ட்னரை வைத்தார்கள். தட்டுகளுக்கு நடுவே முடி அகப்பட்டதும் 'சுர்' என்று ஓசை எழுந்து, வெள்ளையாக ஆவி கிளம்பியது. சீரம் ஆவியாகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். அன்று மாலை முடி வழுவழுவென்று தொங்கியது. அடுத்தடுத்துத் தலை குளித்தபோது நடுப்பகுதிக்குக் கீழே சொரசொரப்பு ஏறி, அலையாகவும் இல்லாமல் நேராகவும் இல்லாமல், சீப்பு பட்ட இடமெல்லாம் குட்டை குட்டையாக ஒடிந்து விழத் தொடங்கியது. அந்த ஓசைக்கு என்ன பொருள் என்பதை அறிந்த எவரும் தம் ஈரமுடியில் ஸ்ட்ரெய்ட்னரை வைக்க இடம் கொடுக்க மாட்டார்கள் என்பதால், அதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

முடியின் வெளிப்புறத்தில் கண்ணாடிபோல் மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, நுனியை நோக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மைக்ரான் தடிமன் உடையது (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஐந்து முதல் பத்து அடுக்குகள் வரை இருக்கும். அவற்றுக்குள்ளே, முடியின் வலிமைக்கு இருப்பிடமான கெரட்டின் என்ற புரதத்தின் இழைகள் கட்டுக்கட்டாக அமைந்திருக்கின்றன. நனைந்த முடி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் அளவுக்கு நீரை உள்ளே வாங்கிக்கொள்ளக்கூடியது. அவ்வாறு நீர் நிறைந்த முடியை 100 டிகிரியைத் தாண்டிய உலோகத் தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால், உள்ளே இருக்கும் நீர் வெளியேற அவகாசமின்றி அங்கேயே கொதித்து ஆவியாகி, கெரட்டினைத் தள்ளிக்கொண்டு குமிழிகளை உண்டாக்குகிறது. நான் கேட்ட 'சுர்' ஓசை அதுதான். நுண்ணோக்கியில் பார்த்தால் முடிக்குள் வரிசையாக வெற்றிடங்கள் தெரியும். தோல் மருத்துவத்தில் இதற்குக் குமிழி முடி என்றே பெயர். குமிழி விழுந்த இடத்தில் முடி ஒடிந்தே தீரும். மேலே எதைப் பூசினாலும் அந்த வெற்றிடம் நிரம்பாது.

ஈரமில்லாத முடி இதைவிட அதிகச் சூட்டைத் தாங்கும் என்றாலும் அதற்கும் எல்லை உண்டு. நீரில் ஊறிய முடியின் கெரட்டின் சுருள்கள் சுமார் 150 டிகிரி செல்சியஸில் குலைந்துபோகின்றன. நன்கு உலர்ந்த முடியில் அது சுமார் 230 டிகிரியில் நிகழ்கிறது. சந்தையிலுள்ள பல ஸ்ட்ரெய்ட்னர்களின் உச்ச அளவும் அதே 230 டிகிரி என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். முடியின் கட்டமைப்பே உருக்குலையும் வெப்பத்தை ஒரு பொத்தானுக்குள் வைத்து நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். அந்த எல்லைக்கு வெகு முன்பே செதில்களில் வெடிப்பு விழத் தொடங்கிவிடுகிறது. கெரட்டினிலுள்ள டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் சிதைகிறது. நரைமுடியில் அதிகச் சூட்டில் அயர்ன் செய்தால் அது மஞ்சளாக மாறுவதைப் பலர் கவனித்திருப்பார்கள். கருமுடியிலும் அதே சிதைவு நடக்கிறது. கறுப்பு அதை மறைத்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

முடி எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்பதை அறிய நீரில் முடியை மிதக்க விட்டு, மூழ்கினால் கெட்டது என்று முடிவுசெய்யும் சோதனையைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். முடியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணெயோ கண்டிஷனரோ அதை மிதக்கவைத்துவிடும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அதைவிட, உதிர்ந்த ஒரு முடியைக் கறுப்புத் துணியின் மேல் வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, வேரிலிருந்து நுனிவரை பொறுமையாகப் பாருங்கள். கெட்ட முடியில் ஆங்காங்கே கடுகைவிடச் சிறிய வெண்புள்ளிகள் தெரியும். அந்த இடத்தில் செதில்கள் கழன்று, உள்ளிழைகள் நார்நாராகப் பிரிந்து விரிந்திருக்கின்றன. மெல்ல வளைத்தால் சரியாக அந்தப் புள்ளியில்தான் ஒடியும். பிறகு அதே முடியை இரு விரல்களுக்கு இடையே பிடித்து, நுனியிலிருந்து வேரை நோக்கி உருவிப் பாருங்கள். வேருக்கு அருகில் வழுக்கிக்கொண்டு போகும் விரல், கெட்ட பகுதியில் தடைபடும். தடை நீங்கும் இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டால், உங்கள் தலையில் எத்தனை சென்டிமீட்டர் நல்ல முடி, எத்தனை சென்டிமீட்டர் கெட்ட முடி என்பது தெரிந்துவிடும். இனி வாங்கப்போகும் எந்தப் பொருளையும்விட இந்த அளவு பயனுள்ளது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். தோலுக்குள்ளே இருக்கும் வேர்ப்பகுதியைத் தவிர முடியில் உயிர் கிடையாது. தோலில் கீறல் விழுந்தால் ஆறுவதுபோல் முடி தானாக ஆறாது; பிளந்த நுனியை நிரந்தரமாக ஒட்டவைக்கும் மருந்து எதுவும் இல்லை. புட்டிகளின் மேல் 'ரிப்பேர்' என்று அச்சிடப்பட்டிருப்பது பெரும்பாலும் மேற்பூச்சைத்தான் குறிக்கிறது. கிழிந்த துணிக்குக் கஞ்சி போட்டால் விறைப்பாக நிற்குமே தவிரக் கிழிசல் தைபடாது. சிலிகோனும் கெரட்டின் மாஸ்க்கும் செய்வது ஏறக்குறைய அந்த வேலைதான். இதைச் சொல்வதால் மேற்பூச்சு வீண் என்று ஆகிவிடாது. உராய்வைக் குறைத்து, சிக்கு விழாமல் காத்து, மேற்கொண்டு ஒடியாமல் தடுக்கும் எதுவும் கெட்ட முடிக்குப் பெரிய உதவிதான். புதுமுடி வளரும்வரை பழைய முடி தாக்குப்பிடிக்க வேண்டும் அல்லவா?

இனி, சிலும்பல். இது ஏன் உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். முடியின் வடிவத்தை நிலைநிறுத்தும் பிணைப்புகளில் ஹைட்ரஜன் பிணைப்புகள் மிக எளிதில் அவிழக்கூடியவை. நீர் பட்டால் அவிழ்ந்து, உலரும்போது முடி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில் மீண்டும் சேர்ந்துகொள்ளும். ஸ்ட்ரெய்ட்னரால் முடி நேராவதும், காற்றில் ஈரம் ஏறிய நாளில் அந்த நேர்த்தி கலைந்துபோவதும் இதனால்தான். நலமான செதிலின் மேற்பரப்பில் 18-எம்ஈஏ என்ற கொழுப்பு அமிலம் மெல்லிய படலமாகப் பிணைந்திருந்து நீரை அண்டவிடாமல் தடுக்கிறது. ப்ளீச்சும் காரத்தன்மை மிக்க சாயங்களும் கடும் வெயிலும் இந்தப் படலத்தை நீக்கிவிடுகின்றன. சூடு செதில்களையே வெடிக்கவைத்துவிடுகிறது. அதன் பிறகு, காற்றிலுள்ள ஈரம் முடிக்குள் தடையின்றி நுழைகிறது. ஆனால் எல்லா முடிக்குள்ளும் ஒரே அளவில் நுழைவதில்லை. ஓர் இழை அதிகம் உப்புகிறது, பக்கத்து இழை குறைவாக உப்புகிறது. ஒரே இழையிலும் கெட்ட பகுதி வளைகிறது, நல்ல பகுதி அப்படியே இருக்கிறது. பக்கத்து முடியோடு சேர்ந்து படியாமல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் கிளம்பும்போது தலை முழுவதும் சிலும்பித் தெரிகிறது.

சிலும்பும் முடியெல்லாம் கெட்ட முடி என்று எண்ணிவிடக் கூடாது. சுருட்டை முடி ஒவ்வொரு வளைவிலும் செதில்களை இயல்பாகவே சற்றுத் தூக்கி வைத்திருக்கும். உச்சந்தலையில் சுரக்கும் எண்ணெய்ப்பசை அத்தனை வளைவுகளையும் கடந்து நுனிக்கு எளிதில் வந்து சேராது. பிறவியிலேயே அமைந்த அந்தச் சிலும்பலைக் கோளாறாக நினைத்து, நாள்தோறும் சூடு வைத்து அடக்க முயல்பவர்களின் முடிதான் உண்மையிலேயே கெட்டுப்போகிறது என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி. நெற்றியோரத்திலும் வகிட்டிலும் குட்டையாக எழும்பி நிற்பவற்றிலும் பல, புதிதாக முளைத்து வரும் முடிகளே. அவற்றின் நுனி மெலிந்து கூர்மையாக இருக்கும். ஒடிந்த முடியின் நுனியோ மழுங்கி அல்லது பிளந்து இருக்கும். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் சிகிச்சைக்கு ஓடக் கூடாது.

பராமரிப்பில் முதலிடம் கண்டிஷனருக்குத்தான் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு ஒரு வேதியியல் காரணம் இருக்கிறது. முடியின் மேற்பரப்பு மின்னூட்டமின்றிச் சமநிலையில் இருப்பது, அமில-காரத் தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவுகோலில் 3.67 என்ற அளவில். அதைவிடக் காரமான எந்த நீர்மத்திலும் முடி எதிர்மின்னூட்டம் பெற்று, இழைகள் ஒன்றையொன்று விலக்கத் தொடங்கும். கெட்ட பகுதியில் இந்த எதிர்மின்னூட்டம் இன்னும் அதிகம். கண்டிஷனரிலுள்ள பெஹென்டிரைமோனியம் குளோரைடு, செட்ரிமோனியம் குளோரைடு போன்றவை நேர்மின்னூட்டம் கொண்டவை என்பதால், எங்கே முடி அதிகம் கெட்டிருக்கிறதோ அங்கே அதிகமாகப் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே கண்டிஷனரைக் காது மட்டத்துக்குக் கீழே தொடங்கி, நுனிக்கு அதிகமாகக் கொடுத்து, சில நிமிடங்கள் விட்டு அலசினால் போதும். உச்சந்தலைக்கு அது தேவையில்லை. ஷாம்பூ இதற்கு நேர்மாறு. அதை உச்சந்தலையில் மட்டும் தேய்க்க வேண்டும். வழிந்து இறங்கும் நுரையே நீளமுடியைச் சுத்தம் செய்துவிடும். மூன்று வயதான நுனியைக் கைகளுக்கு நடுவே வைத்துத் துணி துவைப்பதுபோல் கசக்குவதற்கு எந்தத் தேவையும் இல்லை. பிஎச் 5.5-க்கு மேற்படாத ஷாம்பூ கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

எண்ணெய்களில் தேங்காய் எண்ணெய்க்குத் தனி இடம் உண்டு. அதில் மிகுந்துள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேர்ச்சங்கிலியாக அமைந்தது. அதனால் அது முடிக்குள்ளேயே இறங்குகிறது. ரெலே, மொகிலே என்ற ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, தேங்காய் எண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைத்ததையும், மினரல் ஆயிலும் சூரியகாந்தி எண்ணெயும் அவ்வாறு குறைக்கவில்லை என்பதையும் காட்டியது. தலை குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு நீளமுடிக்கும் நுனிக்கும் பூசிவைத்தால், முடி நீரை வாங்கி உப்பும் அளவு குறைகிறது. எண்ணெய் வைத்த முடியின் மேல் ஸ்ட்ரெய்ட்னரை வைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எண்ணெய், சூட்டுக்கான பாதுகாப்புப் பூச்சின் வேலையைச் செய்யாது.

புரத மாஸ்க்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீராற்பகுத்துத் துண்டாக்கிய புரதம் செதிலின் இடுக்குகளில் தங்கி முடிக்குச் சற்று உறுதி தருகிறது. சமையலறைப் பொருள்களிலுள்ள முழுப் புரதம் முடிக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. புரதம் பூசிய பின் முடி விறைத்து முறுகினால் இடைவெளியை அதிகரியுங்கள். பிணைப்புகளைச் சீராக்குவதாகச் சொல்லி விற்கப்படும் மலேயிக் அமில வகைப் பொருள்களும் சிட்ரிக் அமிலம் கலந்தவையும் முடியின் உள்ளே வலுவூட்டுவதை நோக்கமாகக் கொண்டவை. சாயமும் ப்ளீச்சும் ஏறிய முடிக்கு அவை பயன்படக்கூடும். குமிழி விழுந்து ஒடியும் முடியில் அற்புதம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

உலர்த்துவதில் ஒரு செய்தி என்னை வியக்கவைத்தது. கொரிய ஆய்வாளர்கள் 2011-இல் 'அனல்ஸ் ஆஃப் டெர்மடாலஜி' இதழில் வெளியிட்ட ஆய்வில், டிரையரின் சூடு ஏற ஏற முடியின் மேற்பரப்பு அதிகம் சேதமடைந்தது. ஆனால் செதில்களை ஒட்டவைத்திருக்கும் செல்சவ்வுக் கட்டுக்கு ஏற்பட்ட சேதமோ, இயற்கையாக உலரவிட்ட முடியில் மட்டுமே காணப்பட்டது. நெடுநேரம் ஈரத்தில் ஊறிக் கிடப்பதும் முடிக்கு நல்லதன்று என்பதே அவர்கள் கருதும் காரணம். டிரையரை 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே உலர்த்தும்படி அவர்கள் கூறுகிறார்கள். அந்தத் தொலைவில் முடியின் மேல் சூடு 47 டிகிரி அளவிலேயே இருந்தது, 5 சென்டிமீட்டர் தொலைவில் 95 டிகிரியை எட்டியது. நான் இப்போது துண்டால் தேய்க்காமல் மென்மையான பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, முக்கால்வாசி தானாக உலரவிட்டு, மீதியை மிதமான காற்றில், வேரிலிருந்து நுனியை நோக்கி டிரையரின் முனைக்குழாயைப் பிடித்து உலர்த்துகிறேன். காற்றின் திசை செதில்களின் திசையோடு ஒத்துப்போகும்போது மேற்பரப்பு படிந்து, சிலும்பல் கண்கூடாகக் குறைகிறது.

சிக்கெடுப்பதும் இதோடு சேர்ந்ததுதான். நனைந்த முடி எளிதில் நீளும். தன் நீளத்தில் 30 சதவீதத்துக்கு மேல் இழுபட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. கோரை முடி உள்ளவர்கள் ஓரளவு உலர்ந்த பிறகு சீவுவது நல்லது. சுருட்டை முடிக்கு, கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே பெரும்பல் சீப்பால் நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேறிச் சிக்கெடுப்பதே பாதுகாப்பானது. பிறகு ஈரமுடியிலேயே, அலசாமல் விட்டுவிடும் லீவ்-இன் கண்டிஷனரோ ஜெல்லோ தடவி, முழுவதும் உலரும்வரை கையால் தொடாமல் விட்டுவிட வேண்டும். ஜெல்லிலுள்ள பாலிமர் ஒவ்வொரு சுருளையும் சுற்றி ஒரு படலமாக உறைந்து, இழைகள் பிரிந்து கிளம்பாமல் பிடித்துக்கொள்ளும். உலர்ந்ததும் உள்ளங்கையால் மெல்லக் கசக்கினால் விறைப்பு போய்விடும். இந்த ஒரு பழக்கம் எந்த விலையுயர்ந்த சீரத்தைவிடவும் அலைமுடிக்கு அதிகம் உதவும் என்று தயங்காமல் சொல்வேன். கிளிசரின் மிகுந்த பூச்சுகளை ஈரக்காற்று வீசும் நாள்களில் தவிர்ப்பது நல்லது. கிளிசரின் நீரை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது.

ஸ்ட்ரெய்ட்னரே கூடாது என்று நான் சொல்லவில்லை. வைப்பதானால், முடி எலும்புபோல் உலர்ந்திருக்க வேண்டும். சூட்டுப் பாதுகாப்பு ஸ்ப்ரே அடித்தால் அதுவும் காய்ந்த பிறகே தட்டு பட வேண்டும். அந்த ஸ்ப்ரேயிலுள்ள சிலிகோனும் பாலிமரும் சூடு பரவும் வேகத்தைக் குறைத்துச் சமமாகப் பரப்புகின்றனவே ஒழிய, சூட்டை முழுவதும் தடுத்துவிடுவதில்லை. மெல்லிய முடிக்கும் சாயமேற்றிய முடிக்கும் 150 டிகிரியை ஒட்டி, அடர்த்தியான முடிக்கு 180 டிகிரியை ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்க்காமல் மெல்லிய கற்றைகளாகப் பிரித்து ஒருமுறை இழுத்தால் போதும். நுனிக்கு வரும்போது வேகத்தைக் கூட்டுங்கள். மேற்பகுதி தாங்கும் சூட்டை அந்த வயதான பகுதி தாங்காது.

கெட்ட முடிக்கு ஒரே அமர்வில் தீர்வு என்று அழகு நிலையங்கள் பரிந்துரைக்கும், முடியை நேராக்கும் கெரட்டின் ட்ரீட்மென்ட்டைப் பற்றி நான் கடுமையாகவே எச்சரிக்க விரும்புகிறேன். இவற்றுள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடோ, சூடேறும்போது அதை வெளியிடும் பொருளோ கலந்திருக்கிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 2004-ஆம் ஆண்டிலேயே சேர்த்துவிட்டது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலமும் கவலையற்றதாக இல்லை. அது கலந்த பூச்சால் முடியை நேராக்கிக்கொண்ட பெண் ஒருவருக்குச் சிறுநீரகம் மீண்டும் மீண்டும் பாதிக்கப்பட்டதை, 2024-இல் பிரான்ஸ் மருத்துவர்கள் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் எழுதினார்கள். எலிகளின் தோலில் அந்தப் பூச்சைத் தடவியபோதும் சிறுநீரகச் சேதம் காணப்பட்டது. கண் எரிந்து, தொண்டை கமறி, அறையின் சன்னல்களைத் திறக்கச் சொல்லும் ஒரு சிகிச்சை, முடிக்கு ஊட்டம் என்ற பெயரில் நடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மேலும், அந்தப் பூச்சை முடியில் ஏற்ற அதே 230 டிகிரி ஸ்ட்ரெய்ட்னரைத்தான் பலமுறை இழுக்கிறார்கள். அங்கே போகத்தான் வேண்டுமென்றால், பூசப்போகும் பொருளின் உட்கூறுப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எஞ்சியிருப்பது கத்தரிக்கோல். நுனிப் பிளவு மேல்நோக்கி ஏறிக்கொண்டே போகும் என்பதால், வெட்டாமல் காப்பாற்றிய நீளம் ஒடிந்தே போய்விடுகிறது. ஒரேயடியாகக் குட்டையாக வெட்டிக்கொள்ளும் துணிவு உள்ளவர்களுக்கு அதுவே எளிய வழி. மற்றவர்கள், இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இரண்டு சென்டிமீட்டர் வெட்டிக்கொண்டால், அதே காலத்தில் வேரிலிருந்து ஏறத்தாழ அவ்வளவு புதுமுடி வந்திருக்கும். நீளம் குறையாமலே கெட்ட பகுதி கரைந்துகொண்டு வரும். நல்ல முடியும் கெட்ட முடியும் சந்திக்கும் எல்லைதான் இந்தக் காலத்தில் மிகவும் பலவீனமானது. இறுக்கமான ரப்பர் பேண்டும் உலோகக் கிளிப்பும் அந்த இடத்தில் விழாதபடி தளர்வாகப் பின்னிக்கொள்ளுங்கள். முடி வெட்டுபவரிடம் மேலிருந்து அடுக்கடுக்காகக் குறைக்க வேண்டாம் என்றும், நுனியை மட்டும் நேராக எடுத்தால் போதும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடுக்காக வெட்டினால் எல்லை எங்கே இருக்கிறது என்பதை அடுத்தமுறை விரலால் உருவிக் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும்.